கெட்டுப்போன பாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும்: சோதனையோடு முடிந்துவிடுமா நம் பொறுப்பு?

கோடை தொடங்கியதும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரியான செய்தி வரத் தொடங்கும். உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கடைகளில் திடீர் ஆய்வு, கெட்டுப்போன பால், காலாவதியான தயிர், நாள்பட்ட பன்னீர், பூஞ்சை பிடித்த பால் இனிப்புகள் இத்தனை கிலோ பறிமுதல், அந்த இடத்திலேயே அழிப்பு, கடைக்காரருக்கு நோட்டீஸ். கூடவே ஒரு புகைப்படம். மறுநாள் அதே செய்தி வேறு ஊரின் பெயரோடு வரும். ஒரு மாதம் கழித்து அந்தக் கடை என்ன ஆனது, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, மாதிரியின் முடிவு என்ன சொன்னது என்று யாரும் எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கரிசல் காட்டு வெயில் எப்படிப்பட்டது என்பது மல்லாங்கிணறு, காரியாபட்டி, சிவகாசி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் கடை வாசலில் இறக்கி வைக்கப்படும் பால் டப் வெயில் ஏறும்வரை அங்கேயே கிடந்தால் அந்தப் பாலின் கதி என்ன? மின்சாரம் போனபோது கடைக்காரரின் பிரிட்ஜ் எத்தனை மணி நேரம் நின்றிருந்தது? பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் அதிகாலையில் புறப்படும் குடும்பம் அவசரத்தில் வாங்கும் பாக்கெட்டில் தேதியைப் பார்க்க நேரம் இருக்கிறதா? சஹர் நேரத் தயிர்ச் சோறு, இஃப்தார் நேர ரோஸ் மில்க், வலீமா விருந்தின் பிரியாணிக்கு ஊற்றும் தயிர், பிள்ளைகள் கேட்கும் ஐஸ்கிரீம் என்று பால் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாளும் கழிவதில்லை. ஆகவே இந்தச் சோதனைகளை ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று நிதானமாக அலசுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. 2011 ஆகஸ்ட் 5 முதல் இது முழு அளவில் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலரும் அவருக்குக் கீழ் வட்டார, நகர அளவில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இதைச் செயல்படுத்துகிறார்கள்.

சட்டம் உணவின் குறைகளை ஒரே தட்டில் வைக்கவில்லை. கொழுப்புச் சத்து குறைந்த, தண்ணீர் கலந்த பால் 'தரம் குறைந்தது'. இதற்குச் சிறை இல்லை. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிளில் பொய்யான அல்லது குறையான விவரம் இருந்தால் 'தவறான முத்திரை'. 3 லட்சம் வரை அபராதம். இவற்றை மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் உள்ளவரே விசாரித்து அபராதம் விதிப்பார். உடலுக்குக் கேடு விளைவிக்கும் உணவு 'பாதுகாப்பற்றது'. இது மட்டுமே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். இதனால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடு தரவும் சட்டத்தின் 65ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பற்ற உணவை விற்றும் யாருக்கும் தீங்கு நேரவில்லை என்றால் முன்பு 6 மாதம் வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை 3 மாதமாகக் குறைத்து அபராதத்தை 3 லட்சமாக உயர்த்தியது. பால் கலப்படம் தொடர்பான வழக்கில் 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தண்டனையைக் கடுமையாக்கும் வகையில் சட்டத்தைத் திருத்துவதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசிடம் கூறியிருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் சென்ற திசை வேறு. தொழில் செய்வோர் சிறு பிழைகளுக்காகச் சிறை செல்லக் கூடாது என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பெரிய நிறுவனத்துக்கு 3 லட்சம் ஒரு செலவுக் கணக்கு. சந்தையில் மோர் விற்கும் பெண்ணுக்கு அது வாழ்வாதாரம். அபராதத்தையே பெரிதாக நம்பும் சட்டம் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

பறிமுதலுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

சோதனையின்போது அதிகாரி செய்வது இரண்டு வேலைகள். கண்ணுக்கே கெட்டது என்று தெரிகிற, அழுகும் தன்மையுள்ள பொருளை எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்து அழிக்கலாம். சந்தேகத்துக்குரிய பொருளை மாதிரி எடுத்து நான்கு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம்.

புகைப்படத்தில் வருவது முதல் வேலை. மக்களைக் காப்பது இரண்டாவது வேலை. அழிப்பது ஒரு நாளோடு முடிந்துவிடும். மாதிரியின் முடிவு வந்து, அதன் நூலைப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வினியோகஸ்தருக்கும் அங்கிருந்து தயாரிப்பாளருக்கும் போனால்தான் நாளைய பால் நல்ல பாலாக இருக்கும். சட்டத்தின் 27ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. காலாவதியான பொருளை அனுப்பிய மொத்த வியாபாரியும் பொறுப்பாளி. தயாரிப்பாளர் சொன்ன குளிர்நிலையில் வைக்காமல் அனுப்பியவரும் பொறுப்பாளி. ஆனால் சோதனை கடைசிக் கடையோடு நின்றுவிட்டால் மாட்டிக்கொள்வது பெட்டிக்கடைக்காரர் மட்டும்தான்.

பெட்டிக்கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதே பிரிவின் இன்னொரு வரியை அறிந்திருக்க வேண்டும். பொருளை யாரிடம் வாங்கினோம் என்று அடையாளம் காட்ட முடியாத விற்பனையாளர் தாமே பொறுப்பாளி ஆகிவிடுவார். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் பன்னீரும் நெய்யும் ஒரு நாள் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதுபோல, அதிகாரி நியாயமான காரணமின்றித் தொல்லை கொடுத்துப் பறிமுதல் செய்தால் அவருக்கும் 1 லட்சம் வரை அபராதம் விதிக்க 39ஆவது பிரிவு இடம் தருகிறது. அதிகாரி மீது பொய்ப் புகார் கொடுத்தால் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. இரண்டு பக்கமும் நீதி இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம்.

2017: நம் மாவட்டத்து அமைச்சர் கிளப்பிய புயல்

பால் விஷயத்தில் ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாவட்டமே ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. சிவகாசித் தொகுதியிலிருந்து தேர்வாகிப் பால்வளத் துறை அமைச்சராக இருந்த கே.டி. ராஜேந்திர பாலாஜி, 2017 மே மாதம் தனியார் பாலில் ரசாயனம் கலக்கப்படுகிறது, அது புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று பேசினார். தமிழ்நாடே அதிர்ந்தது. பிள்ளைக்குப் பால் கொடுப்பதா வேண்டாமா என்று தாய்மார்கள் தவித்தார்கள். ஜூன் மாதம் இரண்டு பெரிய நிறுவனங்களின் பால் பவுடரில் காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் இருப்பதாக அவர் குற்றம் சாட்டினார். நிறுவனங்கள் மறுத்தன. ஹட்சன், டோட்லா, விஜய் ஆகிய பால் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தன. ஆதாரமின்றி அந்நிறுவனங்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதில் யார் வென்றார்கள் என்பதைவிட மக்கள் என்ன பெற்றார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் பீதி. அடுத்த மாதம் மௌனம். பாலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் தொடர்ந்து சோதித்து முடிவைப் பொதுவில் வைக்கும் ஏற்பாடு அந்தப் புயலிலிருந்து பிறக்கவில்லை. உண்மையிலேயே குற்றம் செய்தவன் எங்காவது இருந்திருந்தால் அவனுக்கும் அந்த மௌனம் வசதியாகப் போயிற்று.

அரசுக் கூட்டுறவுப் பால் என்றால் கவலையில்லை என்ற நினைப்பும் முழுமையாகச் சரியில்லை. 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே ஆவினுக்குப் பால் ஏற்றிச் சென்ற டேங்கர் லாரியிலிருந்து பாலைத் திருடித் தண்ணீர் கலந்த கும்பல் பிடிபட்டது நினைவிருக்கலாம். பெயர்ப் பலகை தனியாரா அரசா என்பதைப் பார்த்துத் தண்ணீர் கலப்பதில்லை. கண்காணிப்பு எங்கே தளர்கிறதோ அங்கே கலப்படம் நுழைகிறது.

கலப்படத்துக்கு மதச் சாயம்

2024 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சியில் திருப்பதி லட்டுக்கான நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாகக் கூறினார். நெய் அனுப்பிய நிறுவனங்களில் ஒன்று நம் திண்டுக்கல்லைச் சேர்ந்தது. விசாரணை முடியும் முன்பே முதல்வர் பொதுவெளியில் பேசியது ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அக்டோபர் 4 அன்று சி.பி.ஐ., ஆந்திரக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகள் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் குழு பால் நிறுவனங்களோடு தொடர்புடைய நான்கு பேரைக் கைது செய்தது.

ஆனால் அதற்கு வெகு முன்பே சமூக ஊடகங்கள் தீர்ப்பு எழுதிவிட்டன. பெயர் ஒத்திருந்த ஒரு பாகிஸ்தான் நிறுவனத்தின் அதிகாரிகள் பட்டியலை எடுத்து, நெய் அனுப்பிய நிறுவனத்தை நடத்துவோர் முஸ்லிம்கள் என்று பரப்பினார்கள். உண்மை கண்டறியும் ஊடகங்கள் அது பொய் என்று காட்டின. பொய் ஓடிய வேகத்தில் உண்மை ஓடவில்லை. பக்தியோடு பிரசாதம் வாங்கிய கோடிக்கணக்கான இந்துச் சகோதரர்களின் மனவேதனை உண்மையானது. அந்த வேதனையை நம் மீது திருப்பிவிடச் சிலர் முயன்றதும் உண்மை.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நம்மை எச்சரிக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் 'இந்தப் பாலில் பன்றிக் கொழுப்பு', 'அந்த ஐஸ்கிரீமில் விஷம்' என்று வருவதை அப்படியே முன்னனுப்பும்போது, நமக்குச் செய்யப்பட்ட அநியாயத்தையே நாம் இன்னொரு வியாபாரிக்குச் செய்கிறோம். நம்மவர் கடையில் கெட்டுப்போன பொருள் பிடிபட்டால் 'முஸ்லிம் என்பதால் குறிவைக்கிறார்கள்' என்று உடனே கொடி பிடிப்பதும் அதே நோயின் இன்னொரு வடிவம்தான். முதலில் பிரிட்ஜைத் திறந்து பார்ப்போம். பொருள் கெட்டிருந்தால் அதிகாரி செய்தது சரி. கெடவில்லை என்றால் சட்டப்படி மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை ஆபத்து

கணக்கு என்ன சொல்கிறது? 2011இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 1,791 பால் மாதிரிகளில் 68.4 சதவீதம் தரநிர்ணயத்துக்கு உட்படவில்லை. இன்றும் பலர் மேடையில் சொல்வது இந்த எண்ணைத்தான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர் கலந்ததும் கொழுப்பு குறைந்ததும்தான். எல்லாமே விஷம் என்று பொருள் இல்லை. 2018இல் இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகள். யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது வெறும் 12 மாதிரிகளில். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் எடுத்ததில்லை.

நிம்மதிப் பெருமூச்சு விடும் முன் அதே ஆய்வின் அடுத்த பக்கத்தைப் படிக்க வேண்டும். 368 மாதிரிகளில் அஃப்லடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்த வரிசையில் முதல் மாநிலம் தமிழ்நாடு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88இல் அந்த நச்சு இருந்தது. கிட்டத்தட்ட ஆறில் ஒன்று.

இந்த நச்சை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றை மாடு தின்றால், பூஞ்சையின் நச்சு அதன் ஈரலில் மாற்றம் அடைந்து பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகலாம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நம் கரிசல் வட்டாரத்தில் தீவனத்தை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் நம் பிள்ளைகளின் பால் தொடங்குகிறது. கடையில் பினாயில் ஊற்றும் சோதனை இந்த நச்சைத் தொடவே தொடாது. மாட்டுத் தொழுவத்துக்கும் தீவனக் கிடங்குக்கும் பால் சேகரிப்பு மையத்துக்கும் போகும் சோதனைதான் தொடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மட்டும் நடந்தது. மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளும் சுற்றியுள்ள கிராமங்களும் அதன் கணக்கிலேயே இல்லை. பால் கறக்கப்படும் இடங்கள் இவைதான். அளக்கப்படாத இடங்களும் இவைதான்.

கெட்டுப்போன பாலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் நம் வீடுகளில் இருக்கிறது: 'நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்.' கிருமி சாகும், உண்மைதான். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் ஏற்கெனவே விட்டுச் சென்ற நச்சு கொதியிலும் அழியாது. திரிந்த பாலைக் கொதிக்க வைத்து இனிப்புக் கிளறுவதும், புளித்து நாற்றம் வந்த தயிரை வெங்காயம் போட்டு மறைப்பதும் பிள்ளைகளையும் முதியவர்களையும் மருத்துவமனையில் சேர்க்கும் வழிகள்.

உமர் (ரலி) அவர்களின் இரவு நடை

நம் மார்க்கம் பாலைப் பற்றிப் பொதுவாக மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. கால்நடைகளின் வயிற்றிலிருந்து சுத்தமான பாலைப் புகட்டுவதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆவது வசனத்தில் எடுத்துக்காட்டுகிறான். அபூஹுமைத் (ரலி) அவர்கள் திறந்த பாத்திரத்தில் பால் கொண்டுவந்தபோது, ஒரு குச்சியையாவது குறுக்கே வைத்து மூடியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை ஸஹீஹ் நூல்களில் காண்கிறோம். விற்பதற்கு முன் ஆட்டின், ஒட்டகத்தின் மடியைக் கட்டிவைத்துப் பால் அதிகம் சுரப்பதுபோல் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கறந்து குடித்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் இது நடைமுறைச் சட்டம். வாங்குபவருக்குப் பொருளைத் திருப்பும் உரிமை உண்டு என்பது நேற்று வந்த நுகர்வோர் நீதிமன்றம் கண்டுபிடித்ததில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது என்று கலீஃபா அறிவித்திருந்தார்கள். ஓர் இரவு மதீனாவில் ரோந்து சென்றபோது, ஒரு வீட்டில் தாய் தன் மகளிடம் பாலில் தண்ணீர் ஊற்றச் சொல்வதைக் கேட்டார்கள். கலீஃபா தடுத்திருக்கிறாரே என்றாள் மகள். அவர் இங்கே பார்க்கப் போகிறாரா என்றாள் தாய். வெளியில் ஒருவருக்குக் கட்டுப்பட்டுவிட்டுத் தனிமையில் மாறுசெய்ய மாட்டேன் என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாள். உமர் (ரலி) அவர்கள் அவளைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அந்த வழித்தோன்றலில் வந்தவர்தான் நீதிக்குப் பேர்போன உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்).

நாம் இந்த நிகழ்ச்சியை அந்தப் பெண்ணின் இறையச்சத்துக்காக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: சட்டம் போட்ட உமர், இரவில் நடந்து பார்த்த உமர், யாரும் பார்க்காதபோதும் கலக்க மறுத்த பெண். அவளைப் போன்ற ஒருத்தி இருக்கிறாள் என்பதால் உமர் (ரலி) அவர்கள் சந்தைக் கண்காணிப்பை விட்டுவிடவில்லை. ரோந்து இருக்கிறது என்பதால் அந்தப் பெண் தன் மனசாட்சியை அதிகாரியிடம் ஒப்படைத்துவிடவுமில்லை. சட்டம், சோதனை, மனசாட்சி ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் கெடுவது பால்தான். இன்று நம்மிடம் முதலாவது நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது பாதிதான் இருக்கிறது. மூன்றாவதை ஒவ்வொருவரும் தம் கடையிலும் வீட்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொட்டுவதா, தர்மம் செய்வதா?

பிடிபட்ட பாலை என்ன செய்வது என்பதையும் நம் இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். விற்பனைக்காகத் தண்ணீர் கலந்த பாலை உமர் (ரலி) அவர்கள் கீழே கொட்டியதாக வந்துள்ளது. கொட்டாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். வியாபாரிக்கும் தண்டனை, ஏழைக்கும் பயன் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. இப்னு தைமிய்யா (ரஹ்) தம் அல்ஹிஸ்பா நூலில் இந்தக் கருத்துகளை அலசியிருக்கிறார்கள்.

இது தண்ணீர் கலந்த பாலுக்கு மட்டும் பொருந்தும். அது ஏமாற்று, ஆனால் குடித்தால் ஆபத்தில்லை. கெட்டுப்போன பாலுக்கு இந்தச் சலுகை கிடையாது. நமக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆவது வசனம் தடுக்கிறது. இதை மனம் நோகாமல் சொல்ல முடியவில்லை: விருந்தில் மிஞ்சியதும், நாளை காலாவதியாகும் தயிர் பாக்கெட்டுகளும் நேராகப் போய்ச் சேரும் இடம் எது? மதரஸா விடுதியில் ஓதிய எவருக்கும் இதற்குப் பதில் தெரியும். மதியம் சமைத்த பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் இரவு பத்து மணிக்கு அண்டாவில் வந்து இறங்கும். கொடுத்தவருக்கு நன்மை கிடைத்த திருப்தி. அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. யதீம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் மதியமே முதல் அண்டாவை அனுப்புங்கள். மிஞ்சியதை அனுப்புவதாக இருந்தால் அது நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்ததா என்று பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வியாபாரிகளுக்கு: பாலையும் தயிரையும் 5 டிகிரிக்குள் வைப்பது சட்டக் கடமையும் அமானிதமும் ஆகும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் பிரிட்ஜை நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண்ணை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். பாக்கெட் இல்லாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. பாலில் செய்த இனிப்புகளில் கலாகந்துக்கு ஒரு நாள், ரசகுல்லா, பாதாம் பால் வகைக்கு இரண்டு நாள், கோவாவில் செய்த இனிப்புகளுக்கு நான்கு நாள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நம் மாவட்டத்தின் பெருமை. பழைய சரக்கைப் புதிய பெட்டியில் போட்டு விற்பவர் ஊரின் பெயரையே விற்கிறார். குறையை மறைத்து விற்கும் பொருளில் பரக்கத் இருக்காது என்பது நபிமொழிகள் தரும் எச்சரிக்கை.

குடும்பங்களுக்கு: பால் வாங்கியவுடன் தேதியைப் பாருங்கள், பில் கேளுங்கள். பாக்கெட் உப்பியிருந்தால் வாங்க வேண்டாம். கெட்டது என்று தெரிந்தால் கடைக்காரரிடம் முதலில் பண்போடு சொல்லுங்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். கடைக்காரருக்குத் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வு செய்து பார்க்கவும் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கு உரிமை தருகிறது. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஊருக்கே அனுப்பும் முன்னனுப்பலைவிட அதிகாரிக்கு அனுப்பும் ஒரு புகார் பயனுள்ளது.

ஜமாஅத்துகளுக்கு: மத, சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குவோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதிமுறை இருக்கிறது. ரமளானுக்கு முன்பே பள்ளிவாசல் சமையற்கூடத்துக்குப் பதிவு செய்து, சமைப்பவருக்குக் கைச் சுத்தம் பற்றி ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவையும் கலப்படத்தையும் பற்றிப் பேச வேண்டியது எங்களைப் போன்ற ஆலிம்களின் கடமை.

அரசுக்கு: பறிமுதல் செய்த கிலோக் கணக்கோடு, எடுத்த மாதிரிகள் எத்தனை, முடிவு என்ன, யார் மீது என்ன நடவடிக்கை என்ற கணக்கையும் மாவட்ட வாரியாக மக்கள் முன் வையுங்கள். காலாவதியான, திரும்பி வந்த உணவின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சமர்ப்பிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் 2024 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் பொருள் மறு லேபிளோடு கிராமக் கடைக்கு வந்துவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த பால் ஆய்வில் 50,000 என்ற வரம்பை எடுத்துவிட்டுப் பேரூராட்சிகளையும் சேருங்கள். தீவனக் கிடங்குகளையும் சோதியுங்கள்.

சோதனைக்கு வரும் அதிகாரி நம் எதிரி இல்லை. உமர் (ரலி) அவர்கள் செய்த வேலையைச் செய்ய வந்தவர். அவர் அதை நேர்மையாகச் செய்யத் துணை நிற்போம்; தவறினால் சட்டப்படி கேள்வி கேட்போம். அவர் வராத இரவுகளில் அந்தப் பெண்ணின் இடத்தில் நாம் இருக்கிறோம் என்பதை மறக்காமல் இருப்போம்.

ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணவும், நம் கையால் பிறர் வயிற்றுக்குத் தீங்கு நேராமல் காக்கவும், வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.